வருமா, வராதா என்று கேட்டார்

போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கும் சாலையில், ஏலக்காடு முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் எங்கள் எஸ்டேட் இருந்தது. எட்டுக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்றும் அதற்கு உண்டு. எழுபதுகள் முழுக்க நான் அங்கே நர்ஸாக இருந்தேன். பிறந்ததும் அதே எஸ்டேட்டில்தான். அம்மா கொழுந்து கிள்ளியவள். அவளுடைய பெற்றோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். நான் போடியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். மதுரையில் நர்ஸ் பயிற்சி முடித்துவிட்டு எங்கள் மலைக்கே திரும்பி வந்தேன்.

தொழிலாளிகள் எல்லாரும் எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள். டாக்டராக வருகிறவர்கள் மலையாளிகள். ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் என் வேலையில் பாதி என்றால், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொல்வது மீதிப் பாதி. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இதில் கஷ்டம் இல்லை. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, அவ்வளவுதான். எனக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு மிக்சரையும் ஊசியையும் கொடுத்து ஆளை அனுப்பிவிடுவார். இவர் பேசுவார். இது ஏன் வந்தது, இனி என்ன ஆகும் என்று நோயாளியின் கண்ணைப் பார்த்து நீளமாகச் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் அதைத் தமிழாக்க வேண்டும். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள்.

அவர் வந்த இரண்டாவது மாதம், காலையில் ஆள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. முந்தின வாரம்தான் காலில் கம்பி கிழித்த காயத்துக்காக எங்களிடம் வந்திருந்தார். நான்தான் கட்டுப் போட்டேன்.  அன்று சாயந்திரம் டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டி அந்த ஆளின் பெயரைப் பார்த்தபடி, “காலைப் பார்த்தோம். அதற்கு மேலே பார்க்கவில்லை” என்றார். மறுநாளிலிருந்து நாற்பது வயது தாண்டிய யார் எதற்கு வந்தாலும், பல்வலிக்கே வந்தாலும், பிரஷர் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அப்படித்தான் அண்ணனுக்குப் பிரஷர் இருப்பது தெரியவந்தது. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் லயத்தில், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையரில் வேலை. ஆள் நல்ல பருமன், குரலும் பெரிது. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி என் அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து கிள்ளியவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

அண்ணன் விரலில் சூடு பட்டதற்காக வந்தார். நான் மருந்து தடவிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் மறு கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். பத்து நிமிஷம் உட்காரவைத்துத் திரும்பவும் பார்த்தார். பிறகு அடுத்த கையில். அப்புறம் கேள்வி. அப்பா இருக்கிறாரா? இல்லை, நாற்பத்து நாலு வயதில் விறகு சுமந்துகொண்டு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பீடி? ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. மேடு ஏறினால் மூச்சு வாங்குமா? யாருக்குத்தான் வாங்காது இந்த மலையில்!

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பிரஷர் பல வருஷமாகவே இருந்திருக்கலாம். வலிக்காது, அதனால் தெரியாது. அப்பா சின்ன வயதில் போனது, பீடி, உப்பு எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது, மாரடைப்பு வருவதற்கு மற்றவர்களைவிட இவருக்கு ‘சாத்யத’ கூடுதல். தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் நிறுத்தக் கூடாது. பீடியை விட்டே ஆக வேண்டும். இதையெல்லாம் செய்தால் அந்தச் சாத்யத குறையும்.

அண்ணனுக்கு மலையாளம் பாதி புரியும். அப்பாவைக் குறிக்கும் ‘அச்சன்’ என்ற சொல்லும் ‘நெஞ்சு’ என்ற சொல்லும் காதில் விழுந்ததுமே அந்தப் பெரிய முகம் சின்னதாகிப் போனது. டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏம் தாயி, எங்கப்பனுக்கு வந்தது எனக்கும் வரும்ங்காரா? வருமா, வராதா? ஒரே வார்த்தையில கேட்டுச் சொல்லு.”

நான் கேட்டேன். டாக்டர் தலையை ஆட்டினார். “அது பறயான் பற்றில்ல” என்றார். அதைச் சொல்ல முடியாதாம். வராமலே போகலாம், வரவும் செய்யலாம், ஆனால் இவருக்குக் கூடுதல் என்பதுதான் விஷயம் என்று இன்னொரு முறை விளக்கினார்.

அந்தச் சாத்யதைக்கு என் வாயில் தமிழ் வரவில்லை. ‘ஆபத்து’ என்றால் இப்போதே சாகப்போகிறோம் என்று நினைத்துவிடுவார். ‘வாய்ப்பு’ என்றால் ஏதோ நல்லது வரப்போகிறதுபோல இருக்கும். யோசித்துப் பார்த்தால் ‘வரலாம்’ என்ற ஒரு சொல் போதும். அது எனக்குத் தெரியாத சொல் இல்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத்தான் தைரியம் இல்லை.

“வராதுண்ணே” என்றேன். “கொஞ்சம் பிரஷர் இருக்கு, அம்புட்டுதான். மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிரும். பீடியக் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். “அதான பாத்தேன்! இந்த டாக்டரு என்னமோ மகாபாரதம் படிக்காரேன்னு பயந்துட்டேன்.”

டாக்டர் அவர் சிரிப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் சொல்லிவிட்டாயா என்பதுபோல, “எல்லாம் பறஞ்ஞோ?” என்று கேட்டார்.

“பறஞ்ஞு, டாக்டர்” என்றேன்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முதல் இரண்டு வாரம் அண்ணன் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. ரிஜிஸ்டரில் அவருடைய வரி காலியாகவே இருப்பதை நான் தினமும் பார்த்தேன். ஒரு நாள் ஃபேக்டரி கேன்டீன் வாசலில் பீடியோடு நின்றவரிடம், “என்னண்ணே, மாத்திரைக்கு ஆளயே காணோம்?” என்றேன். “நீதான தாயி சரியாப் போயிரும்னு சொன்ன. போயிருச்சு. தலைவலி ஒண்ணும் இல்ல” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்றும் பேச வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும் என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

ஆடி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பகல் இரண்டு மணி இருக்கும், விறகு ஏற்றும் டிராக்டரில் தார்ப்பாயைப் போர்த்தி அண்ணனைக் கொண்டுவந்தார்கள். சட்டை முழுவதும் வேர்வை. கை கால் சில்லிட்டிருந்தது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு என்று முனகினார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டாக்டர் ஊசி போட்டார், ஆக்ஸிஜன் வைத்தார். மருந்துக் குப்பியின் கழுத்தை இரண்டு தடவை உடைக்கப் பார்த்தும் எனக்கு உடையவில்லை. டாக்டர் அதை வாங்கி உடைத்துக்கொண்டார்.

அதற்குள் மதினி தேயிலைக் காட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள். இடுப்பில் கட்டிய சாக்கு, தலையில் மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் தாள், முதுகில் பாதி நிறைந்த கொழுந்துக் கூடை, எதையும் அவிழ்க்கவில்லை. நான்தான் கூடையை இறக்கி வைத்தேன்.

வலி கொஞ்சம் அடங்கியதும் எஸ்டேட் ஜீப்பில் மதுரைக்குக் கிளம்பினோம். டாக்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் நீள சீட்டில் அண்ணனைப் படுக்கவைத்து, மதினியும் நானும் கீழே உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம். போடிமெட்டில் செக்போஸ்ட்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தடுப்பு மரத்தைத் தூக்கிவிட்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அண்ணனின் தலை மதினி கையில் உருண்டது. பாதி மலை இறங்கியதும் மழை நின்று வெயில் வந்தது. அப்போதுதான் மதினி கேட்டாள்.

“அன்னைக்குப் பிரஷர் பாத்தப்ப டாக்டரு என்ன தாயி சொன்னாரு? இவரு வீட்டுக்கு வந்து ஒண்ணுமில்லன்னாரே.”

“அப்புறமாச் சொல்லுதேன் மதினி” என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை அந்த நேரத்தில் என்னால் தாங்க முடியவில்லை.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாரடைப்புதான் என்றார்கள். மூன்று நாள் தாண்டினால் பயமில்லை என்றார்கள். மதினியை அங்கே விட்டுவிட்டு, மறுநாள் டாக்டரும் நானும் ஜீப்பில் மலையேறினோம். டிரைவர் டீ குடிக்கப் போடியில் நிறுத்தியபோது நாங்கள் இருவர் மட்டும் வண்டியில் இருந்தோம். நான் சொல்லிவிட்டேன்.

“டாக்டர், அன்னைக்கு நீங்க சொன்னதை நான் சொல்லலை. வராதுன்னு சொல்லிட்டேன்.”

வேலை போகும் என்று நினைத்தேன். போனால் சரி என்றும் இருந்தது. டாக்டர் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மலையாளத்தில் சொன்னார். “எனக்கு அன்றைக்கே தெரியும். நான் சொன்னதைக் கேட்ட ஒரு மனுஷன் அப்படிச் சிரிக்க மாட்டான். அவர் சிரித்தார். நீ சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஆனால் வெளியே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.”

என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் தன்னையும் என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டதால் அழக்கூட முடியவில்லை.

“அவர் திரும்பி வந்ததும் நீயே அவரிடம் சொல்ல வேண்டும். நானும் கூட வருகிறேன்” என்றார்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இருபத்தைந்து நாள் கழித்து, இளைத்துப்போய், சட்டை தொளதொளக்க வந்து இறங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரும் நானும் லயத்துக்குப் போனோம். டாக்டர் ஒருவர் லயத்து வீட்டுக்குள் வந்து பலகையில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. அக்கம்பக்கம் எல்லாம் வாசலில் கூடிவிட்டது. மதினி அவர்களை விரட்டிக் கதவைச் சாத்தினாள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் அன்று என்ன சொன்னார் என்று முதலிலிருந்து, ஒன்று விடாமல், ஐந்து மாதம் தாமதமாக மொழிபெயர்த்தேன். அதில் எதை நான் மாற்றினேன் என்றும் சொன்னேன்.

அண்ணன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வரும்போது மூன்று டம்ளரில் பால் ஊற்றாத கட்டன் சாயா இருந்தது. டாக்டருக்கும் அண்ணனுக்கும் கொடுத்தாள். என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே என் முன்னால் நின்றாள்.

“சரி, அவருகிட்டச் சொல்லப் பயந்த. எங்கிட்ட ஏம் புள்ள சொல்லல? ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கேன்? இந்த வீட்டுல உப்புப் போடுறது யாரு? கருவாடு வாங்குறது யாரு? தீப்பெட்டிய எடுத்துக் குடுக்குறதே நான்தான். என்னய ஒரு ஆளாவே நீங்க ரெண்டு பேரும் நினைக்கலியா?”

அவள் என்ன சொன்னாள் என்று புரியாமல் டாக்டர், “எந்தா பறஞ்ஞது?” என்று கேட்டார். நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மதினியைப் பார்த்துத் தலையசைத்தார். “அவர் சொல்வது சரி” என்றார்.

அண்ணன் மெதுவாகப் பேசினார். “தாயி, நீ வரும்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே படுத்துருப்பேன். வராதுன்ன, ஊரச் சுத்துனேன். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான், நான் செய்ய வேண்டியது ஒண்ணும் இல்லன்னு ஆயிருது பாத்தியா.”

“வருமா வராதான்னு கேட்டா யாரு சொல்லுவா?” என்றாள் மதினி. “இந்த லயத்துக்கு மேல மண்மேடு இருக்கு. மழைக்குச் சரியுமா சரியாதான்னு கேட்டா யாருக்குத் தெரியும்? போன வருசம் சரியல. அதுக்காக இந்த வருசம் வைகாசியில ஆம்பளைக எல்லாம் மேல ஏறி வாய்க்கா வெட்டாமலா இருந்தீக? தண்ணி போக வழி பண்றது நம்ம கையில இருக்கு, பண்றோம். இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே.”

சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த டம்ளரை என்னிடம் நீட்டினாள். “ஆறிப் போச்சு. குடி” என்றாள். நான் நின்றபடியே குடித்தேன். இனிப்பு அதிகமாக இருந்தது. அவள் எனக்கு எப்போதும் போடுகிற அளவு அதுதான்.

அன்று திரும்பி வரும் வழியில் டாக்டர் அந்த வாய்க்கால் பேச்சை என்னிடம் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் விதம் மாறியது. பிரஷர் இருக்கிறவர்களை வேலை நாளின் நெரிசலில் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் சமைக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம். டாக்டர் ஒரே மூச்சில் பேசுவதை விட்டுவிட்டார். ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், நான் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்: இன்று மாத்திரை என்றால் மாத்திரை மட்டும், பீடிப் பேச்சு அடுத்த வாரம். கடைசியில் நான் கேட்பேன்: “இப்ப வீட்டுக்குப் போனதும் ஆத்தா கேக்காங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னு. என்னன்னு சொல்லுவீக? எங்கிட்டச் சொல்லுங்க பாப்பம்.” அவர்கள் சொல்வதைக் கேட்கும்போதுதான் நாங்கள் சொன்னது எங்கே போய் விழுந்திருக்கிறது என்று தெரியும். ஒரு மேஸ்திரி, “பிரஷர் இருக்கு, அதனால ரத்தம் நெறைய இருக்கு, நல்லதுன்னு சொன்னீக” என்றார். டாக்டர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அண்ணனை டிரையரிலிருந்து எடுத்து, தேயிலை சலிக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போட்டார்கள். பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். புதிதாக வருகிறவர்களிடம், “எனக்கும் ஒண்ணும் வலிக்கல. அதுதான் இதுல கேடு” என்பார். நாங்கள் கால் மணி நேரம் சொல்வதைவிட அவர் சட்டையின் தொளதொளப்பு அதிகம் பேசியது. பீடியை அவர் ஒரேயடியாக விட்டார் என்று சொல்ல மாட்டேன். மூன்று முறை விட்டார். மூன்றாவது முறைதான் நிலைத்தது. மதினி கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசி உப்பை இறக்கிவிட்டுக் குழம்பு வைத்தாள். அண்ணன் அதை மண்ணைத் தின்பதுபோல இருக்கிறது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்றால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆபீஸில் ஒரு குமாஸ்தா இருந்தார். ஐம்பது வயது. நாங்கள் சொன்னதை ஒன்று விடாமல் செய்தவர். மாத்திரையை ஒரு வேளை தவறியதில்லை, சுருட்டை முதல் நாளே நிறுத்தினார், சாயந்திரம் ஃபேக்டரி வரை நடந்து திரும்புவார். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில், முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு டப்பா. மீதியிருந்த மாத்திரைகளைக் கொண்டுவந்திருந்தார். “வேற யாருக்காவது ஆகும்லா” என்று மேசைமேல் வைத்தார்.  அவர் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். எல்லாம் செய்தோமே, அப்புறம் ஏன்? 

அவர் கேட்கவில்லை. “நீங்க கொறையும்னுதான் சொன்னீக. வராதுன்னு ஒரு நாளும் சொல்லல” என்றார். “எனக்கு ஞாபகம் இருக்கு. அவுகளும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. கடைசி ஒரு வருசம் எங்கிட்ட நெறையப் பேசினாக சிஸ்டர். அதுக்கு முன்ன அவ்வளவு பேசமாட்டாக.”

அவர் போன பிறகு நான் உள்ளறையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் கதவு வரை வந்து பார்த்துவிட்டு, பெஞ்சில் காத்திருந்தவர்களைத் தானே உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் தமிழ் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டில் மலையாள எழுத்தில் தமிழ்ச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பார். “வருது என்கிறாயே, வருகிறது என்றும் எழுதுகிறார்கள், எது சரி?” என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு கொழுந்து கிள்ளும் பெண்ணிடமும் அவள் கணவனிடமும் பேசுவது கேட்டது. வாக்கியம் நொண்டிக்கொண்டு வந்தது. மலையாளமும் தமிழும் கலந்துதான் இருந்தது. ஆனால் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தக் கணவன் திருப்பிச் சொன்னான். தப்பில்லாமல் சொன்னான். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. ஒரு நர்ஸ் தன் வேலை பாதி போய்விட்டதற்காக அத்தனை சந்தோஷப்பட்டிருப்பாளா என்று தெரியவில்லை.

எழுபதுகள் முடியும் சமயத்தில் டாக்டர் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப்போனார். போகும்போது அந்தச் சொல் நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை, கூடவே எடுத்துக்கொண்டு போனார். அங்கேயும் தேவைப்படும் என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னபோது எதற்கு என்று கேட்டார். போடி டீக்கடை முன்னால் ஜீப்பில் உட்கார்ந்திருந்ததற்கு என்று சொல்ல நினைத்தேன். எல்லாத்துக்கும்தான் டாக்டர் என்றேன்.

என்னை அந்த எஸ்டேட்டை விட்டு அனுப்ப டாக்டர், அண்ணன், மதினி மூன்று பேரில் யார் நினைத்திருந்தாலும் முடிந்திருக்கும். ஒரு கடிதம் போதும், அல்லது லயத்தில் ஒரு பேச்சு. யாரும் அதைச் செய்யவில்லை. அதே மேசையில், அதே ஆட்களுக்கு முன்னால், இந்த முறை சரியாகச் சொல்லிப் பார் என்று உட்காரவைத்தார்கள். பிற்காலத்தில் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் வந்தது என்றால் அது அவர்கள் கொடுத்தது.

அண்ணன் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தார். பிறகு அவரும் மதினியும் மலையிறங்கிப் போடியில் குடியேறினார்கள். அறுபத்தெட்டாவது வயதில், ஒரு ஐப்பசியில், நாலு நாள் காய்ச்சலில் போனார். செய்தி கிடைத்ததும் முதல் பஸ் பிடித்து இறங்கினேன். என்னைப் பார்த்ததும் மதினி எழுந்து வந்து, தோளில் கை போட்டுக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“நெறைய நாள் இருந்தாரு, தாயி” என்றாள்.